நிரப்பும் கை

வீட்டில் அவளுக்கு 'அட்டைக்காரி' என்று பெயர். பட்டம் கொடுத்தவன் கணவன். நாலு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு வைக்கக்கூட இடம் விடாமல் அட்டையும் மரக்காயுமாகப் பரப்பி வைத்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் பத்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, "இனிமே விளையாட்டு உருவாக்குறதுதான் என் வேலை" என்று ஒருநாள் அவள் எழுந்து வந்தபோது சொந்தபந்தமெல்லாம் வாயைப் பிளந்தது. அவன் மட்டும், "சரி, எனக்கு எந்த நிறக் காய்?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே அவனுடைய குறட்டையை மன்னித்துவிடலாம்.

விளையாட்டின் பெயர் 'கடைசிப் படகு'. ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டே வரும். மேசை நடுவில் ஐந்து அட்டைகள் வரிசையாகத் திறந்திருக்கும், ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். ஆளுக்கொரு படகு. முறை வரும்போது ஓர் அட்டையை எடுத்து, அந்தக் குடும்பத்தை மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கணவனும் அவளும் இருநூறு தடவைக்கு மேல் ஆடியிருப்பார்கள். தண்ணீர் எந்தச் சுற்றில் எவ்வளவு ஏறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இருவரும் சொல்வார்கள்.

இதை வெளியிட ஒரு சின்ன நிறுவனம் கிடைத்தது. வருடத்துக்கு இரண்டே விளையாட்டு போடுவார்கள். ஒன்று முடிவாகிவிட்டது, மிச்சம் ஒரே இடம். நிறுவனத்தை நடத்தும் அம்மாள் கறார் பேர்வழி.

"இதை இதுக்கு முன்னாடி பார்க்காத மூணு பேரை உட்கார வைப்பேன். அவங்க கையில விதிப் புத்தகம் மட்டும்தான். நீங்க பின்னாடி உட்கார்ந்து பார்க்கலாம். வாயைத் திறந்தீங்கன்னா அதோட சரி" என்றார்.

இந்தத் தொழிலில் இந்தச் சோதனைக்குத் தப்பியவர்கள் கிடையாது. பழைய அலுவலக மேலாளர் வேறு, திரும்பி வருகிறாயா இல்லையா, திங்கட்கிழமைக்குள் சொல் என்று கேட்டிருந்தார். சனிக்கிழமை தேறினால் மேலாளருக்கு ஒரு கும்பிடு, தேறாவிட்டால் பழையபடி வரைபடம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

சனிக்கிழமை மதியம், ஒரு விளையாட்டுக் கடையின் மாடியறை. ஒரு பள்ளி ஆசிரியை, ஓர் எலெக்ட்ரீஷியன், ஒரு நர்ஸ், மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இவளும் கணவனும் சுவரோரம். ஆசிரியை புத்தகத்தை வகுப்பில் படிப்பதுபோல உரக்கப் படித்து, காய்களை அடுக்கி, ஐந்து அட்டைகளைத் திறந்து வைத்தார். மீதி அட்டைக் கட்டை ஓரமாக வைத்தார். எல்லாம் எழுதியிருந்தபடி. முதல் குடும்பத்தை நர்ஸ் கரையேற்றியபோது மூவரும் கை தட்டினார்கள். இவளுக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்து ஆசிரியை ஓர் அட்டையை எடுத்தார். எலெக்ட்ரீஷியன் ஒன்று எடுத்தார். வரிசையில் மூன்று இடம் காலி.

யாரும் நிரப்பவில்லை.

அவளுக்கு விதிப் புத்தகத்தின் ஆறாவது பக்கம் கண்முன் வந்து நின்றது. 'உங்கள் முறையில் ஓர் அட்டையை எடுங்கள்.' அதற்கடுத்த வரி படகை நகர்த்துவது பற்றி. எடுத்த இடத்தைக் கட்டிலிருந்து நிரப்ப வேண்டும் என்று ஒரு வரி எங்குமே இல்லை. நாலு வருடமாக யார் அட்டை எடுத்தாலும், பேசிக்கொண்டே இருந்தாலும், அவளுடைய இடது கை தானாகப் போய் நிரப்பிவிடும். கை செய்த வேலையைப் புத்தகத்தில் ஏற்ற அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போதும் அந்தக் கை துடித்தது. அதைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இன்னும் இரண்டு முறை. வரிசை துடைத்துவிட்டாற்போல ஆனது.

"அந்தக் கட்டுலேருந்து எடுத்து வைக்கலாமே?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"எழுதியிருக்கா? எழுதாததை நாமளா பண்ணக் கூடாது" என்றார் ஆசிரியை. எத்தனை பிள்ளைகளை இந்தக் குரலால் உட்கார வைத்தாரோ!

அந்த நேரம் பார்த்து அம்மாளுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

எலெக்ட்ரீஷியன் நாற்காலியைத் திருப்பினார். "ஏம்மா, நிரப்பணுமா? ஆமான்னா கண்ணைச் சிமிட்டுங்க போதும். நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

"தலையை ஆட்டேன்" என்று கணவன் அவள் காதோரம் கெஞ்சினான். "நாலு வருஷம்டீ."

அவள் அசையவில்லை. அவன் பொறுக்க மாட்டாமல், "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தான். அவன் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

தண்ணீர் பாதிகூட ஏறாமல் ஆட்டம் நின்றுபோனது. புத்தகத்தைக் கடைசியாக ஒருமுறை புரட்டிவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள் நர்ஸ். அந்தப் பெண் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

திரும்பி வந்த அம்மாளிடம் எலெக்ட்ரீஷியன் நடந்ததைச் சொன்னார். அம்மாள் அவளிடம் வந்தார். "நான் இல்லாதப்போ சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா இந்த மேசைக்குத் தெரிஞ்சிருக்கும். கடையில வாங்கிட்டுப் போறவங்களுக்கு யார் சொல்றது? பெட்டிக்குப் பெட்டி நான் உள்ள உட்கார்ந்து போக முடியுமா?"

அம்மாள் விதிப் புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்த வருஷ இடம் போச்சும்மா. எழுதி முடிச்சிட்டுச் சொல்லுங்க. வேற மூணு பேரைத் தேடுறேன். இவங்களுக்குத்தான் இப்போ தெரிஞ்சுபோச்சே."

திங்கட்கிழமை அவள் அலுவலகம் போனாள். பழைய நாற்காலி, பழைய கிறீச். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் எதிர்வீட்டுத் தம்பதி விதிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது பக்கத்தில் புது வரி ஒட்டியிருந்தது. கணவன் அவளுக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தான். பக்கத்தில் அவனும் உட்கார்ந்துகொண்டான். ஆட்டம் ஓடியது. எடுக்க எடுக்க நிரப்பினார்கள். வெள்ளம் ஏறியது, எதிர்வீட்டு அக்கா பதறினார், அவர் வீட்டுக்காரர் சிரித்தார். கடைசியில் கட்டு தீர்ந்தது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். கரையேற்றிக் கழித்துப்போட்ட அட்டைகளை நோக்கி இடது கை நீண்டது, கலைத்துப் புதுக் கட்டாக வைக்க.

கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எத்தனாவது பக்கம்?" என்றான் மெதுவாக.

அவள் யோசித்தாள். எந்தப் பக்கத்திலும் இல்லை. எதிர்வீட்டு அக்கா புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார். அவள் மறுபடி உட்கார்ந்து, இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, வலது கையை அவனிடம் நீட்டினாள்.

"பேனா குடுங்க."