ஆறு கடக்கையில் கதைக்கக் கூடாது

கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு எனக்கு நிலத்தின் மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது. குசினியிலிருந்து விறாந்தைக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போவேன். சுவர் முடிகிற இடம் வந்தால் அப்படியே நின்றுவிடுவேன். டாக்டர் வேறு முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா விழுந்தால், அம்மா, பிறகு கட்டில்தான்." அதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்ல அந்த மனுசனுக்கு வாயில்லையா என்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் அப்படியே கிடந்தது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். உடுப்பிட்டியில் இந்த வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். நான் கட்டிலோடு கிடந்தால் தூக்கி இருத்த அவருக்குத் தெம்பில்லை. அவருக்கு என்னைவிட வயது கூட.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி பழக்குகிற பிள்ளை ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் ரீவியோடு இணைத்துப் பூட்டினாள். ரீவிக்கு மேலே சின்னக் கமரா ஒன்று. நான் முன்னால் போய் நின்றால் உள்ளே ஒரு பொம்மைப் பெண் வந்து நிற்பாள். களிசான் போட்டு, வெட்டிய தலைமயிரோடு, என்னில் பாதி உடம்பு. நான் காலைத் தூக்கினால் அவளும் தூக்குவாள். அவளுக்கு முன்னால் ஒரு ஆறு. ஆற்றுக்குள் கிடக்கிற கற்களில் கால் வைத்து அக்கரைக்குப் போகவேண்டும்.

"பேரப்பிள்ளையள் விளையாடுற சாமானை வைச்சு நான் என்ன பிள்ளை செய்யிறது?" என்றேன்.

"ஒற்றைக் காலிலை நிண்டு பழகினால்தான் அம்மா, எங்கையாவது தடுக்கினாலும் சமாளிப்பியள். கதிரையைப் பக்கத்திலை வைச்சிருங்கோ. ஏலாட்டில் பிடியுங்கோ."

யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? கிணறும் குளமும் கடலும் பார்த்து வளர்ந்தவள் நான். எழுபதைத் தாண்டி, முறிந்த இடுப்போடு, ரீவிக்குள் ஆறு கடக்கிற விதி எனக்கு. முதல் நாள் இடக்காலைத் தூக்கியதும் உடம்பு முழுக்க நடுங்கியது. நான் சாய்ந்தேன். அவள் தொபுக்கென்று தண்ணீருக்குள் விழுந்தாள். படம் என்று தெரியும். ஆனாலும் "ஐயோ" என்று கத்திக் கதிரையைக் கட்டிப்பிடித்தேன். விழுந்தது நானேதான் என்பதுபோல அன்று முழுக்க இடுப்பு வலித்தது.

எங்கள் பக்கத்தில் 'கவனம்' என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. கடைக்குப் போனாலும் கவனம், வெங்காயம் வெட்டினாலும் கவனம். என் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய ஆசை அன்பு எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள்தான். அவர் சொன்னால் நான் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்து "ஓம்" என்பேன். சொல்லாவிட்டால் விடமாட்டார், இன்னும் சத்தமாகச் சொல்வார்.

ஒருநாள் காலையில் பொம்மைப் பெண் நட்டாற்றில் ஒற்றைக் காலில் நிற்கிறாள். விறாந்தைக் கதவடியில் இருந்து அவர் குரல் கொடுத்தார்.

"இஞ்சாரும், கவனம்!"

"ஓம்."

தொபுக். மறுபடி தொடங்கினேன். அதே கல்லுக்கு வந்தேன்.

"கவனம்!"

"ஓம்."

தொபுக். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிணற்றடியிலும் அன்றைக்கு அவர் குசினி வாசலில் நின்று இதைத்தான் சொன்னார். ஈரச் சீமெந்தில் நின்றபடி நான் திரும்பி "ஓம்" என்றேன். அதற்குப் பிறகுதான் கால் வழுக்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் பாசி என்று சொல்லியிருந்தேன். பொய் இல்லை, பாசியும் இருந்தது.

விழுகிற பயத்தோடு இப்போது இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இது தெரிந்தால் மனுசன் உடைந்துபோவார்.

"நான் ஆறு கடக்கேக்கை கதையாதேங்கோ. பொம்மை விழுகுது" என்று மட்டும் சொன்னேன்.

"நல்லதுக்குத்தானே சொல்லுறன்?"

"நல்லதைப் பிறகு சொல்லுங்கோ."

கோபித்துக்கொண்டு போனார். ஆனால் அடுத்த நாளிலிருந்து நான் விளையாடத் தொடங்கினால், கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவடியில் இருப்பார். சொல்லாத சொல் தொண்டையில் ஏறி இறங்குவது எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் தரித்தது. பயம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். பயத்தோடு நிற்கப் பழகினேன்.

போன கிழமை முதல்தடவையாக அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ரீவி கைதட்டியது. அவர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு எழும்பி என்னிடம் வந்தார். நடுவில் அந்தப் பெட்டியின் வயர் நிலத்தில் கிடந்தது. அவருடைய கால் அதற்குள் போவதைக் கண்டேன்.

"இஞ்சாருங்கோ, கவனம்!"

அவர் வயரைப் பார்க்கவில்லை. என்னுடைய முகத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

அப்படியே சரிந்தார். எனக்காக வைத்திருந்த கதிரையில் கை பட்டது. கதிரை இழுபட்டுச் சுவரோடு மோதி நின்றது. அவர் அதில் தொங்கிக்கொண்டு நின்றார். நான் சுவரைப் பிடிக்காமல் ஓடினேன் என்பதுகூடப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருத்தி, காலைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அவர் வயரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அண்டைக்குக் கிணத்தடியிலையும் இப்பிடித்தானோ?"

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லை. பாசி" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நம்பினாரோ தெரியாது.

மறுநாள் காலையில் அவரைப் பிடித்துக் கொண்டுவந்து ரீவிக்கு முன்னால் நிறுத்தினேன். வயரைச் சுவரோரமாக ஒதுக்கினேன். கதிரையைப் பக்கத்தில் வைத்தேன். ஆறு ஓடத் தொடங்கியது. அவர் இடக்காலைத் தூக்கினார், உடம்பு ஆடியது. நான் தோளில் கிடந்த துவாயை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.