சூடம் அடிக்காத வெள்ளிக்கிழமை

போன ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, நம் அம்மன் கோயில் வாசலில், அத்தனை பேர் பார்க்க, என்னைச் சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நான் கையை நீட்டவில்லை. எரிந்த சூடம் தானாகவே அணைந்து போனது. பொழுது சாய்வதற்குள் மாசாய் பிளாட் முழுக்க நான் ஏமாற்றுக்காரி என்று பேர் பரவிவிட்டது.

அன்றைக்கு என்ன நடந்தது, அடுத்த வெள்ளிக்குள் அம்மாள் எனக்கு என்ன செய்தாள் என்பதை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். மேடையில் ஏறிப் பேசச் சொல்லிக் கோயில் தலைவர் மூன்று முறை கேட்டார். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். ரெங்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேர் பாக்கியம். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இருந்த வேலையும் நின்று, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு, கோயிலில் அன்னதானம் பரிமாறுவதுதான் எனக்கு வேலையாக இருந்தது. அங்கேதான் குமுதாவைப் பார்த்தேன். முப்பது வயதுப் பெண். செனாய் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியில் வேலை. ஏழைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிப்பதற்காக வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டுகிற வேலை.

"நான் போனா கதவே திறக்க மாட்டேங்கிறாங்க ஆண்ட்டி. ஸ்கேம்னு நெனைக்கிறாங்க. உங்களப் பார்த்தா திறப்பாங்க" என்றாள்.

"எனக்குப் பேச வராதும்மா."

"அதான் வேணும். நல்லா பேசறவங்களத்தான் இப்ப யாரும் நம்பறதில்ல."

அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஒரு பை, அதில் விளம்பரத் தாள்கள், பணம் போட்டு ஒட்டி மூடுகிற உறைகள், கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டை. அட்டையில் என் படம் இருந்தது. அதைப் பிறர் பார்ப்பது எனக்குக் கூச்சம். முந்தானைக்குள் செருகி வைத்துக்கொள்வேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. அப்போது தெரியவில்லை.

பிளாட்டில் யாரும் கதவை முழுதாகத் திறப்பதில்லை. இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்கள். கேட்காத கேள்வி இல்லை. மூன்றாம் மாடியில், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுக் கேட்டார்.

"இது யூனிவர்சிட்டியா, காலேஜாம்மா?"

"ரெண்டும்தாங்க."

"பஸ்ஸுன்னா பஸ்ஸு, லோரின்னா லோரி. பஸ்லோரின்னு ஒன்னு எங்கயாச்சும் ஓடுதா?"

குமுதாவிடம் கேட்டேன். காலேஜுக்கு மேலே, யூனிவர்சிட்டிக்குக் கீழே, நடுவில் ஒரு படி என்றாள். அதை மனப்பாடம் செய்துகொண்டு போய், கதவுக்கு முன்னால் நின்று மேலே கீழே மாற்றிச் சொன்னேன். அந்த ஐயா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கே சந்தேகம் பிடித்துக்கொண்டது. பேரே இப்படிக் குழப்பமாக இருக்கிறதே, இடம் உண்மையிலேயே இருக்கிறதா? நான் அதுவரை அந்தக் கல்லூரியைக் கண்ணால் பார்த்ததில்லை. வாரத்துக்கு ஒரு நாள் குமுதா வந்து உறைகளையும் வீடுகளில் கொடுத்த துணி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போவாள். அவள் காரைப் பார்த்தேன். நல்ல பெரிய கார். இந்தச் சம்பளத்தில் இந்தக் கார் எப்படி? நான் கிட்டே போனால் கைபேசியைத் திருப்பி வைப்பாள். எந்தப் பிள்ளைகளுக்குப் போகிறது என்று ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் கேக்கக்கூடாது ஆண்ட்டி" என்றாள். ஏன் கேட்கக்கூடாது? வெளியே சொல்லவில்லை. உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் சரோஜா விஷயம் வந்தது. சரோஜா எங்கள் எதிர் பிளாட்டில் ரவிக்கை தைப்பவள். போனில் பேசிய யாரோ ஒருவனை நம்பி ஏற்கெனவே ஏமாந்தவள். அப்படிப்பட்டவள், எனக்காக மனம் இளகி, ரவிக்கைத் துண்டுகளை ஒட்டித் தைத்த ஒரு பெரிய போர்வையை விடுதிப் பிள்ளைகளுக்கென்று கொடுத்தாள். என் மகன் கல்யாணத்துக்கு அவள் தைத்துத் தந்த மயில்நீல ரவிக்கையின் மிச்சத் துண்டுகூட அதில் இருந்தது. மூன்று மாதம் ஆயிற்று. போர்வை போய்ச் சேர்ந்ததென்று ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சரோஜா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, என் போர்வை எங்க?"

"காலேஜுக்குப் போயிருக்கும் சரோஜா."

"போயிருக்குமா, போச்சா?"

அவள் கண் என் கழுத்துக் கயிற்றில் விழுந்தது.

"அட்டைய ஏன் சேலைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"வெக்கமா இருக்கும்மா."

"வெக்கமா, பயமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் விறுவிறு என்று போய் ஒரு தட்டில் சூடத்தைக் கொளுத்தி என் முன்னால் நீட்டினாள். "குடுத்ததெல்லாம் பிள்ளைங்களுக்குத்தான் போவுதுன்னு அம்மா மேல சத்தியமா அடிச்சு அணைங்க. நான் காலில விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

நான் எதையும் எடுத்ததில்லை. அதைக் கேட்டிருந்தால் இரண்டு கையாலும் அடித்திருப்பேன். ஆனால் அவள் கேட்டது வேறு. பிள்ளைகளுக்குப் போகிறதா? எனக்குத் தெரியாது. தெரியாததை அம்மாள் முன்னால் எப்படிச் சத்தியம் செய்வேன்? கை எழவில்லை. அதையாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை.

அடுத்த நாளே வாய்ஸ் மெசேஜ் சுற்ற ஆரம்பித்தது. 'சேலை கட்டிக்கிட்டு ஒரு கிழவி காலேஜ் பேரச் சொல்லிக்கிட்டு வரும், கதவத் திறக்காதீங்க' என்று. யார் குரல் என்று தெரியவில்லை. பிளாட்டில் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் இவளா, இவனா என்று பார்த்தேன். லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றது. என் மருமகள்கூடக் கோபித்துக்கொண்டாள்.

"சும்மா அடிச்சிருக்கலாம் லா அத்தை. நீங்க நல்லவங்கன்னு அம்மாளுக்குத் தெரியாதா?"

"அம்மாளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல" என்றேன்.

குமுதாவைக் கூப்பிட்டு நேரடியாகவே கேட்டேன். ஒரு பிள்ளையின் பேரையாவது சொல் என்றேன்.

"சொல்ல முடியாது ஆண்ட்டி. யாரோ குடுத்ததுல படிக்கிறோம்னு வெளிய தெரிஞ்சா பிள்ளைங்க கூசிப் போயிடுவாங்க."

"அப்ப நான் எதை வச்சுச் சத்தியம் பண்ணுவேன்?"

அவள் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் என் சந்தேகத்தை இன்னும் ஊதிவிட்டது. என்னைப் போல ஒன்றும் தெரியாதவளைத் தேடிப் பிடித்ததே இதற்குத்தானோ என்று நினைத்தேன். செத்துப் போகலாம் போல இருந்தது. அறுபத்தெட்டு வயது வரை காப்பாற்றிய பேர் இரண்டே நாளில் போய்விட்டது.

திங்கட்கிழமை முதல் உப்பில்லாமல் ஒருவேளை மட்டும் சாப்பிட்டேன். காலையில் கோயில் கதவு திறக்கும்போதே போய் உட்கார்ந்துகொள்வேன். நான் வேண்டிக்கொண்டது இதுதான். "தாயே, பேர் வேண்டாம். யார் யார் என்றும் தெரிய வேண்டாம். என் கண்ணுக்கு ஒன்றே ஒன்றைக் காட்டு. பொய்யென்றால் பொய்யென்றே காட்டிவிடு. அதையும் உன் வாசலில் நின்று நானே சொல்கிறேன்."

அன்றிலிருந்தே மழை. விடாத மழை. மூன்று நாள் ஆகியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையில் சாமி கும்பிட்டு எழுந்தபோது, போய்ப் பார்த்தால் என்ன என்று ஓர் எண்ணம் வந்தது. இத்தனை மாதமாக ஏன் அது தோன்றவில்லை? அம்மாள்தான் தோன்ற வைத்தாள் என்று நம்புகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. குமுதாவிடம் மட்டும் சொல்லவே கூடாது என்று இருந்தேன். சொன்னால் முன்கூட்டியே எதையாவது ஜோடித்து வைத்துவிடுவாள் என்ற பயம்.

லார்க்கினில் பஸ் மாறி, இரண்டு பேரிடம் தாளைக் காட்டி வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பெரிய பலகை. 'கோலேஜ் யூனிவர்சிட்டி' என்று இரண்டு வார்த்தையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பஸ்லோரி ஓடத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பலகையை யாரும் எழுதி மாட்டலாமே!

காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் கேட்டார். வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அட்டையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தேன். அவர் படித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டார்.

கட்டடங்கள் இருந்தன. பிள்ளைகள் நடமாடினார்கள். நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால் என்ன, வசதி உள்ளவர்களாக இருக்கலாம். அலுவலகத்துக்குள் போகக் கூச்சமாக இருந்தது. சும்மா சுற்றிச் சுற்றி நடந்தேன். மழை விட்டு, நாலு நாளுக்குப் பிறகு சுள்ளென்று வெயில் அடித்தது. பெண்கள் விடுதிக்குப் பின்பக்கம் வந்தேன். மழையில் தேங்கிய துணிகளையெல்லாம் துவைத்து ஒரே நேரத்தில் காயப் போட்டிருந்தார்கள். வரிசை வரிசையாகக் கொடி.

மூன்றாவது கொடியில் சரோஜாவின் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு, ஓரத்தில் சரிகை வைத்த என் மயில்நீலம். கிட்டே போய்த் தொட்டேன். ஈரமாக இருந்தது. சவுக்கார வாசம் அடித்தது. போர்வையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஒரு பெண் பக்கெட்டோடு ஓடி வந்தாள்.

"ஆண்ட்டி, யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்லம்மா. இந்தப் போர்வை..."

"என்னோடதுதான். இங்க வந்தப்ப ஹாஸ்டல்ல குடுத்தாங்க. நல்லா கதகதன்னு இருக்கும். ஏன் ஆண்ட்டி, உங்களுக்குக் குளிருதா? வேணுமா?"

"வேணாம்மா. நீ போத்திக்க."

அவள் பேரை நான் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. நான் யார் என்றும் சொல்லவில்லை. கூச்சம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். அம்மாள் வெயிலையும் கொடுத்து, என்னையும் அதே நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாளே. ஒரு நாள் முன்னால் போயிருந்தால் வெறுங்கொடியைத்தான் பார்த்திருப்பேன்.

மறுநாள் மூன்றாவது வெள்ளி. பூசை முடிந்ததும் நானே குருக்களிடம் சூடம் கேட்டு வாங்கினேன். சரோஜா முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை பேச்சு வந்தது.

"எல்லாமே எனக்குத் தெரியாது சரோஜா. தெரிஞ்சத மட்டும் சொல்றேன். ஒன் போர்வைய ஒரு பொண்ணு போத்திக்கிட்டுப் படிக்குது. நேத்து என் கண்ணால பார்த்தேன். நான் எதையும் எடுத்ததில்ல. இது சத்தியம்."

அடித்தேன். சூடம் அணைந்தது. உள்ளங்கை சுட்டது.

பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். "போர்வை இவங்க வீட்டுலயே இருக்கும். யாரு கண்டா?"

சரோஜா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "வாய மூடு லா. பொய்க்காரியா இருந்தா போன வெள்ளிக்கிழமையே அடிச்சிட்டுப் போயிருப்பா" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, சுட்ட இடத்தில் அம்மாளின் திருநீற்றை அப்பினாள். காலில் விழப் போனவளை நான்தான் தடுத்தேன்.

எந்தக் கை எழாததால் என் பேர் கெட்டதோ, அந்தக் கை எழாததே எனக்குச் சாட்சியாகிப் போனது. இதை மனிதர் யாரும் யோசித்துச் செய்ய முடியாது.

குமுதாவிடமும் என் சந்தேகத்தை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கார் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "அலமாக், அது எங்க மாமாவோடது ஆண்ட்டி. ஏர்கோன்கூட வேலை செய்யாது." கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அன்னிக்குக் கேட்டதுக்கு என்கிட்டயே பதில் இல்ல. அதான் பேசாம இருந்தேன்" என்றாள். விடுதிக்கு வந்து பார் என்று சரோஜாவைக் கூப்பிட்டோம். நீங்கள் சூடம் அடித்தீர்களே, அது போதும் என்று சொல்லிவிட்டாள். இப்போது சில நாட்களில் என்னோடு வீடு வீடாக வருகிறாள். அவள்தான் பேசுகிறாள்.

வாய்ஸ் மெசேஜ் யார் குரல் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டவில்லை. அட்டையை வெளியே போட்டுக்கொள்கிறேன். கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று யாராவது சந்தேகப்பட்டால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. நானும் அங்கே நின்றவள்தானே.

நம்பிக்கை முழுதாக இருந்தால்தான் சாமியிடம் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். நான் சந்தேகத்தைத்தான் கொண்டுபோனேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. பொய்யானாலும் காட்டு என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உங்களிடம் இருப்பதும் அதுதான் என்றால் அதையே கொண்டுபோய் அவள் காலடியில் வையுங்கள். உள்ளது உள்ளபடி கேளுங்கள். காட்டுவாள்.

என் வலது உள்ளங்கையில் சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறது. அந்தக் கையால்தான் இப்போது கதவு தட்டுகிறேன்.

பாக்கியம்
மாசாய்