சந்தனம் பூசிய கீபோர்டு

கோவில்பட்டியில் சிவனாண்டிக்கு நல்ல மனுஷன் என்று பேர். யார் என்ன சொன்னாலும் வாய் நிறையச் சிரித்து, "ஆமா அண்ணாச்சி, ஆமா" என்று தலையாட்டுவார். உண்மையில் பாதிப் பேச்சு அவர் காதில் விழுவதே இல்லை. தீப்பெட்டிக் குச்சி வெட்டும் மிஷின் பக்கத்திலேயே வாலிபத்தைக் கழித்தவருக்குக் காது எப்படி மிஞ்சும்? கணீரென்ற குரல் கேட்கும்; மெல்லிசான சத்தம் பிடிபடாது. பிடிபடாதபோது சிரித்து வைப்பார். பெண்டாட்டி வள்ளித்தாய்க்குக்கூட விஷயம் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாததை வீம்பு என்று நினைத்துத் திட்டுவாள், பாவம்.

மகள் தீபலட்சுமி பள்ளிக்கூட விழாவில் யாரோ கீபோர்டு வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கும் வேணும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சர்ச்சில் வாசிக்கும் செல்லத்துரை சார் வீட்டில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு சிவனாண்டி போய் நின்றார். சார் கறாரான ஆள். நல்ல வேளை, குரல் வெண்கலக் குரல்.

"நகத்தை ஒட்ட வெட்டி அனுப்பணும். முழங்கை மட்டத்துக்கு ஸ்டூல் வேணும். முக்கியமா, வீட்ல தினமும் ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து கேக்கணும் அண்ணாச்சி. சங்கீதம் தெரிய வேண்டாம், காது கொடுத்தா போதும். அதுக்கு ஆள் இல்லாத பிள்ளைய நான் சேக்குததில்ல."

வள்ளித்தாய் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வர இருட்டிவிடும். வேறு ஆள் ஏது? "நான் இருக்கேன் சார்" என்று சிவனாண்டி அடித்துச் சொல்லிவிட்டார்.

மற்ற ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. பழைய ஸ்டூலின் காலை அறுத்து, மகளை உட்காரவைத்துப் பார்த்து, மறுபடி அறுத்தார். திருநெல்வேலியில் ஒரு பழைய கீபோர்டு கிடைத்தது. பஸ்ஸில் அதைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முதல் வகுப்பு விஜயதசமி அன்று. முந்தின நாள் ஆயுத பூஜை. மிஷினுக்கு வருஷா வருஷம் பொட்டு வைத்த கை சும்மா இருக்குமா? சந்தனத்தைத் தளரக் குழைத்து, கீபோர்டில் கட்டைக்கு ஒரு பொட்டு வைத்தார். பிள்ளைக்கு வித்தை வரவேண்டும் என்ற ஆசையில் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். அது வழிந்து இடுக்கில் எல்லாம் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

விடிந்ததும் துடைத்துவிட்டு தீபலட்சுமி வாசிக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டையாக அழுத்தினாள். சிவனாண்டி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த முகமாகத் தலையாட்டினார். அவள் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இது எப்படிப்பா இருக்கு?"

"பிரமாதமா இருக்குத் தாயி!"

"அப்பா, இதுல சத்தமே வரலையே."

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. சந்தனம் உறைந்த கட்டைக்கும் தன் காதுக்கும் வித்தியாசம் தெரியாமல் பெற்ற பிள்ளையிடமே பிடிபட்டுவிட்டார். அவள் துணியை எடுத்து அந்தக் கட்டையை மறுபடி துடைத்தாள். அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

வகுப்பில் சார் அவர்கள் கொண்டுவந்த கீபோர்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "கழட்டித் துடைச்சுக்கிடலாம் அண்ணாச்சி. அடுத்த வருஷம் பொட்ட பெட்டி மேல வைங்க, கட்டையில வேண்டாம்" என்றவர், "அப்போ வீட்ல நீங்கதான கேக்கப் போறீங்க?" என்றார்.

ஆமா என்று தலையாட்டினால் போதும். ஆனால் மகள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிவனாண்டி கையைப் பிசைந்தார்.

"சார், எனக்குக் காது மந்தம். அன்னைக்கு மறைச்சுட்டேன். அதுக்காகப் பிள்ளைய வேண்டாம்னு சொல்லிராதீக."

சார் பதில் சொல்வதற்குள் தீபலட்சுமி முந்திக்கொண்டாள். சத்தமாகவே சொன்னாள்.

"அப்பாவுக்குக் கேக்கலைன்னா சிரிப்பாவ சார். கேட்டா சிரிக்க மாட்டாவ. எனக்கு எப்பவோ தெரியும். அவிய சிரிச்சா நான் இன்னும் பலமா வாசிப்பேன்."

செல்லத்துரை சார் தன்னுடைய கீபோர்டில் சத்தத்தைக் கூட்டி, அவள் விரலைப் பிடித்து நடுக்கட்டையில் வைத்தார்.

அவள் அழுத்தினாள். திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தாள்.

சிவனாண்டிக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை.