தம்பியின் மச்சான்

அந்த நாவலை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டபோது கதை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ரோமானியர் காலத்துக் கதை. துணிக்குச் சாயம் போடும் ஒரு கிறிஸ்தவப் பெண். அவள் கணவனைக் கொன்ற படைவீரன் கொள்ளைநோய் கண்டு தெருவில் கிடக்கிறான். அவள் அவனை வீட்டுக்குத் தூக்கி வந்து தண்ணீர் கொடுக்கிறாள். அவன் உதட்டில் தண்ணீர் பட்டதும் அவள் வெறுப்பெல்லாம் கரைந்துபோகிறது. ஒரே பக்கத்தில். அந்த இடம் வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். பொய் என்று வாய்விட்டே சொன்னேன்.

எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான்.

என் தம்பி டூ வீலர் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பான். அவன் பட்டறைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். வேற்று மதம் என்று அவர்கள் வீட்டில் கொதித்தார்கள். அந்த வாரமே அவளுடைய அண்ணன் பட்டறைக்கு வந்து இரும்புக் குழாயால் தம்பியை அடித்தான். வலது முழங்கை நொறுங்கியது. இன்றும் அந்தக் கை முழுதாக நீளாது. சுண்டுவிரலிலும் பக்கத்து விரலிலும் உணர்ச்சி இல்லை. ஸ்பேனர் பிடிக்க எப்படியோ பழகிக்கொண்டான். கீபோர்டைத் தொடுவதில்லை.

ஸ்டேஷனில் பெரியவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசி வைத்தார்கள். பெண் வீட்டு மானம், ஊர் ஒற்றுமை என்று எல்லாவற்றையும் பேசினார்கள். முழங்கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அடித்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து சபையில் ஜெபம் சொல்லும்போது மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருக்கும்போதுகூடத் திடீரென்று அந்தச் சுவரும் அவன் முதுகும் நினைவுக்கு வந்து சாக்பீஸை ஒடித்துவிடுவேன்.

பிறகு அந்த அண்ணன்காரனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. அவன் குடியை வெறுத்து மனைவி முன்பே தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப்போக ஆளில்லை. தம்பி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் பைக்கில் கூட்டிப்போக ஆரம்பித்தான்.

வேங்கிக்காலில் நாங்கள் இருப்பது ஒரே வீடு. நான் கீழே, அவர்கள் மாடியில். விஷயம் தெரிந்த அன்று படியிலேயே மறித்துச் சண்டை போட்டேன். உனக்கு ரோஷமே கிடையாதா என்று கேட்டேன். பெரிய புனிதன் வேஷம் போடாதே என்றேன். அவன் வேத வசனம் ஏதாவது சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

"அவன் போயிட்டா இவ அழுவாக்கா. அதான் மொதல்ல. அப்புறம் பழகிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

ஒரு பௌர்ணமியன்று தம்பி காய்ச்சலில் எழ முடியாமல் படுத்துவிட்டான். அன்று டயாலிசிஸ் நாள். கிரிவலக் கூட்டத்துக்காக மலையைச் சுற்றும் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்; ஆட்டோ எதுவும் அடி அண்ணாமலைக்குள் போகாது. அங்கே காத்திருந்தவனுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குகிறது என்று போன் வந்திருந்தது. தம்பி மனைவி நிறைமாதம். மாடிப்படியில் நின்று, "அண்ணி" என்றாள். அவள் முகத்துக்காகத்தான் ஸ்கூட்டியை எடுத்தேன். போகும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

வயல் பக்கமாகச் சுற்றி ஊருக்குள் நுழைந்தேன். வாசலில் காத்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. டயாலிசிஸ் ஊசி போடும் கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு மறு கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டான். திரும்பும்போது ஏரிக்கரையில் பள்ளம் பார்த்து மெதுவாகப் போனேன். பின்னாலிருந்து பேசினான்.

"டீச்சர், அன்னிக்கு உங்க தம்பி கைய தூக்கினாரு. என்னை அடிக்கத் தூக்கினாருனு ஸ்டேஷன்ல சொன்னேன். அது பொய். தலைய மறைக்கத்தான் தூக்கினாரு. அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தக் கை மேலயே மறுபடி அடிச்சேன்."

வண்டியை நிறுத்தி அவனை இறங்கச் சொன்னேன்.

கரையில் நின்றபடி, இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவன் முகத்துக்கு நேரே கொட்டினேன். அந்த விரல்கள் முன்பு கீபோர்டை எப்படி வாசிக்கும் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் தம்பி வலியில் தலையணையைக் கடித்ததைச் சொன்னேன். நீ செத்தால் நான் அழமாட்டேன் என்றும் சொன்னேன். அவன் மூச்சிரைத்துக்கொண்டு நின்று கேட்டான். சமாதானம் சொல்லவில்லை, கண்ணையும் திருப்பவில்லை. என்னை மன்னியுங்கள் என்று அவன் கேட்டிருந்தால், அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

திட்டித் தீர்த்தேன். விழாமலிருக்க அவன் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"ஏறுங்க, டைம் ஆவுது" என்றேன்.

சென்டரில் அவனைத் தாங்கித்தான் உள்ளே கூட்டிப்போனேன். நர்ஸ் பெண், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். யாருமில்லை என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"என் தம்பியோட மச்சான்" என்றேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த உறவை நான் வாயால் சொன்னதில்லை. மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவனுக்குக் குளிரெடுத்தது. என் துப்பட்டாவைப் போர்த்திவிட்டேன். கோபம் போகவில்லை. கோபத்தோடுதான் போர்த்தினேன்.

அந்த வாரக் கடைசியில் நாவலின் அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்தேன். கதாசிரியர் எழுதியதை மாற்ற எனக்கு உரிமையில்லை. கரைந்தது என்றே எழுதினேன். ஆனால் பதிப்பாசிரியருக்குப் போன் செய்து, இந்த இடம் எனக்கு நம்பும்படி இல்லை, அவள் முதலில் அவனைத் திட்டியிருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது தம்பியும் நானும் மாறி மாறிக் கூட்டிப்போகிறோம். தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞாயிறு மதியம் மாமன்காரன் வந்து பார்த்துவிட்டுப் போவான். அவனுக்கு உப்பு கம்மி, தண்ணீர் அளவு, இளநீர் கூடவே கூடாது, அதிலிருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். போன வாரம் கிரிவலப் பாதையில் யாரோ இளநீர் கொடுக்க, வாங்கிக் குடித்திருக்கிறான். அதைச் சாதாரணமாக என்னிடமே சொன்னான்.

எனக்கு வந்த கோபத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "சாவணும்னு ஆசையா இருந்தா நேராச் சொல்லுங்க. வெயில்ல தூக்கிக்கினு அலையறவங்க என்ன பைத்தியமா?" என்று கத்தினேன். குழந்தை விழித்து அழுதது. தம்பி பட்டறைத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தான். மச்சான்காரன் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே குடிக்க மாட்டேன் டீச்சர்" என்றான். நம்பாமல் அவன் பையை வாங்கித் துழாவிப் பார்த்தேன். ஊறுகாய் பாக்கெட் ஒன்று இருந்தது. பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காரச் சொன்னேன்.