மிதவைப் பாலத்தின் மறுகரை

ஜெர்மனியின் ஹம் நகரத்தில், தொழிற்சாலையில் வேலை செய்த தமிழர் வீட்டில் பிறந்து வளர்ந்த பிரபாலினிக்கு, ரேகன்ஸ்புர்க் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் வேலை. டானூப் ஆற்றில் இறங்கும் கப்பல்கள் எங்கே நிற்கின்றன, ஏன் நிற்கின்றன என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது அவள் பொறுப்பு. 2001இல் அந்த ‘ஏன்’ என்பதற்கு அநேகமாக ஒரே பதில்தான்: நோவி சாட்.

இரண்டு வருடங்களுக்கு முந்திய போரில் அந்த செர்பிய நகரத்துப் பாலங்கள் மேற்கு நாடுகளின் குண்டுபட்டு ஆற்றுக்குள் விழுந்திருந்தன. ஆற்றைத் துப்புரவாக்கிக் கப்பல்களை விடுங்கள் என்றன மற்ற நாடுகள். இடித்த பாலத்தையும் கட்டித் தாருங்கள் என்றது செர்பியா. தூதர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அதுவரைக்கும் நகரத்துச் சனம் கரைகடக்க ஒரு மிதவைப் பாலம் போட்டிருந்தார்கள். குறித்த நாட்களில் மட்டும் அதன் நடுப்பகுதியை இழுத்து விலக்கி, காத்திருந்த கப்பல்களை விடுவார்கள்.

அந்தப் பாலத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று பிரபாலினிக்கு ஆசை பிடித்தது. விடுமுறை எடுத்து, வோல்ஃப் என்ற கப்பல் தலைவரிடம் கெஞ்சி, அவருடைய கப்பலிலேயே புறப்பட்டாள்.

நோவி சாட்டை எட்டுமுன், ஆற்றின் மேல்பக்கத்தில் கப்பல் தன் முறைக்காகக் காத்து நின்றது. கரையிறங்கிய அவளிடம் தூரம் போகவேண்டாம் என்று வோல்ஃப் சொல்லித்தான் அனுப்பினார். அவளோ பாலத்தில் ஏறி, அலைக்கு ஆடிய பலகைகளில் நடந்து, கோட்டை இருக்கும் மறுகரையையும் பார்த்துவிட்டாள். திரும்பும்போது காவலர் கையை நீட்டி மறித்தார். பாலத்தின் நடுப்பகுதி விலகிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அவளுடைய கப்பலே அந்த இடைவெளியால் போனது. வோல்ஃப் தளத்தில் நின்று ஆற்றின் கீழ்ப்பக்கத்தைக் காட்டிக் கையசைத்தார்.

மறுகரையில் அவளோடு சைக்கிள்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் காத்து நின்றார்கள். பக்கத்தில் மரக்கறிப் பையோடு நின்ற மிலேனா என்ற பெண், முன்னொரு காலம் ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்தவள். அந்தக் கப்பல் தன்னுடையது என்று பிரபாலினி ஜெர்மனில் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள்.

“உங்களுக்கு ஆறு திறந்தால் எங்களுக்குத் தெரு மூடும். இரண்டையும் ஒன்றாகத் திறக்கத்தான் அந்தத் தூதர்கள் இவ்வளவு காலமாகப் பேசுகிறார்கள்.”

கோபமா என்று பிரபாலினி கேட்டாள். கோபம் முதல் மாதத்தோடு போய்விட்டது, இப்போது எந்த நாட்டுக் கொடி வருகிறதென்று பார்ப்பதே பொழுதுபோக்கு என்றாள் மிலேனா. பாலம் மறுபடி பொருந்தியதும் தன் மைத்துனனின் வண்டியில் அவளை ஏற்றி, நகரத்தைத் தாண்டி ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் கட்டியிருந்த கப்பலில் கொண்டுபோய் விட்டாள். வோல்ஃப் ஏசவில்லை. சூப்பைச் சூடாக்கச் சொன்னார்.

அன்று பின்னேரம் தாய் தேவமலர் தொலைபேசியில் கேட்டாள்: “கப்பலை விட்டிட்டு நீ ஏன் பிள்ளை பாலத்தில ஏறினனீ?”

“ஒவ்வொரு நாளும் அந்தப் பாலத்தைத் திட்டுறன் அம்மா. என்னெண்டு பாக்காமல் திட்ட ஏலாதெல்லோ.”

பேச்சுகள் ஒருவழியாகப் பலித்தன. ஆற்றுக்குள் கிடந்த இடிபாடுகளை அள்ளினார்கள். 2005 இலையுதிர் காலத்தில் புதிய பாலம் திறந்து, மிதவைப் பாலம் அகன்றது. செய்தி வந்ததும் பிரபாலினி மிலேனாவைத் தொலைபேசியில் அழைத்து, புதுப் பாலத்தால் போனாயா என்று விசாரித்தாள். யாரும் மறிக்காமல் நடந்து பார்க்கவென்றே முதல் நாளே போனாளாம். அக்கரையில் ஒரு வேலையும் இல்லாததால், உடனே திரும்பி நடந்து வந்தாளாம்.