அபிதகுசாம்பாள் கழற்றிய இடது பெடல்

ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிற வீடுகளில் அபிதகுசாம்பாளைத் தெரியாதவர்கள் குறைவு. நெய்து முடித்த சேலைகளின் முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது அவள் தொழில். சேலைகளை வாங்கிப் பையில் போட்டு சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவாள். வேலை முடிந்ததும் அதே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பாள். வேலை குவிந்துவிட்டால் சேவூர் வரை மிதித்துப் போய், அங்கே இரண்டு பெண்களிடம் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு வருவாள்.

நாற்பத்துநான்கு வயதாகிறது. இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனது. வலது காலால்தான் மிதிப்பாள். இடது பாதம் பெடலில் உட்கார்ந்தபடி கூடவே சுற்றிவரும். அது நழுவாமல் இருக்கப் பழைய டியூபை வளையமாக வெட்டிப் பெடலில் மாட்டியிருந்தாள். பதினைந்து வயதில் அரிசி ஆலைக் களத்தில், நெல் காயாத நாட்களில், விழுந்து விழுந்து கற்றுக்கொண்ட ஓட்டம் அது. விழும்போதெல்லாம் யாராவது ஓடிவந்து சைக்கிளைப் பிடுங்கி ஓரமாக நிறுத்தி, "உனக்கு எதுக்கும்மா இது?" என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் அவளுக்குக் காது மடல் சூடாகும்.

ஆவணி மாதம். கல்யாணச் சேலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம். கடைத்தெருவில் பின்னோக்கி வந்த ஒரு மினி லாரி, நிறுத்தியிருந்த அவள் சைக்கிளின் இடது பெடலை நசுக்கிவிட்டுப் போய்விட்டது. பெடலின் அச்சு வளைந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொண்டது. இரண்டே நாளில் கணுக்காலில் தோல் உரிந்துவிட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அன்பழகன் கடை. பைக் மெக்கானிக். பழைய சைக்கிள் கடை ஒன்றை வாங்கி, வாசலில் 'சைக்கிள், பைக் ரிப்பேர்' என்று எழுதிவைத்திருந்தான். சைக்கிள் என்றால் அவனுக்குப் பஞ்சர் மட்டும்தான். அபிதா புதுப் பெடலை வாங்கிக் கையில் கொடுத்து மாற்றச் சொன்னாள்.

அவன் ஸ்பேனரை மாட்டி இடப்பக்கமாக இழுத்தான். அசையவில்லை. ஏறி நின்று மிதித்தான். ஸ்பேனர் வழுக்கி, அச்சின் பட்டை முனை மழுங்கியது. சுத்தியலால் நாலு அடி அடித்தான். அரைமணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

"துரு புடிச்சி ஒட்டிகினுதுக்கா. கழலாது. பெடல் மாட்டுற கிராங்க்கையே அறுத்துட்டு வேற போடணும். வேலூர்லேர்ந்து வரணும்."

"எத்தினி நாளாகும்?"

"பத்து நாளு ஆவும். இன்னாத்துக்குக்கா இந்தப் பேஜாரு? மனு குடுத்தா மூணு சக்கர வண்டி தர்றாங்க. உக்காந்துகினே போலாம். உங்களுக்கு எதுக்கு சைக்கிளு?"

பக்கத்து டீக்கடையில் நின்றிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பெடலைப் பத்திக் கேட்டேன்," என்றாள் அபிதா. "என் காலைப் பத்திக் கேக்கல."

"நல்லதுக்குத்தானேக்கா சொன்னேன்."

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். சைக்கிளில் போகிறவளை ஊர் ஒருமாதிரி பார்க்கும். விந்தி விந்தி நடக்கிறவளை வேறுமாதிரி பார்க்கும். அந்த இரண்டாவது பார்வையை வீடு வரைக்கும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கணவன் ஜெகநாதன் விசைத்தறியில் வேலை பார்ப்பவன். சாப்பிட வந்திருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அவன் சொல்றதும் சரிதானே. பத்து நாளு நான் பைக்ல இட்டுகினு போறேன், வுடு," என்றான்.

"நீங்க ஷிப்டு முடிச்சி வர்ற வரைக்கும் சேலைப் பையக் கட்டிகினு நான் வாசல்ல நிக்கணுமா?"

"இப்ப இன்னா சொல்லிட்டேன்?"

அவன் நல்லவன்தான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. எல்லோரும் நல்லதையே சொன்னார்கள். ஏன் கழலவில்லை என்று ஒருவர்கூடப் பெடலைக் குனிந்து பார்க்கவில்லை.

பிற்பகலில் குஞ்சம் கட்ட உட்கார்ந்தாள். மேசை விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. நிறுத்தி, இறக்கையில் படிந்த பட்டுத் தூசியைத் துடைக்க முன்னாலிருந்த மூடியைத் திருகினாள். மற்ற திருகுகளைப் போல இல்லாமல், வலப்பக்கமாகத் திருகினால்தான் அது கழலும். மாதம் இரண்டு தடவை செய்கிற வேலை, கை தானாகவே அந்தப் பக்கம் போயிற்று. போன கை அப்படியே நின்றது.

எழுந்து வாசலுக்குப் போனாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, கிராங்க்கின் உள்பக்கம் எட்டிப் பார்த்தாள். இரண்டு பெடல்களின் திருகுமறையும் அங்கே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தன. அழுக்கைத் துணியால் துடைத்தாள். வலது மறையின் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. இடது மறையின் கோடுகள் அதற்கு நேர் எதிராகச் சாய்ந்திருந்தன. இதுவும் விசிறி மூடி மாதிரி எதிர்ப்பக்கம் சுற்றும் மறைதான், வலப்பக்கமாகத் திருகினால்தான் கழலும்.

அரைமணி நேரம் ஏறி நின்று மிதித்தானே, அத்தனை நேரமும் அதை இறுக்கியிருக்கிறான். இறுக்கிவிட்டுத் துரு என்றான். அதற்கும் மேலே மனு எழுதச் சொன்னான்.

அடுத்த தெருவில் அருள்மணி இருந்தார். அரிசி ஆலையில் ஃபிட்டர். மழுங்கிய அச்சை ஸ்பேனர் பிடிக்காது என்பதால் அவரிடம் பைப் ரெஞ்சு கேட்டாள்.

"நான் வந்து கழட்டித் தரேம்மா."

"ரெஞ்சு மட்டும் குடுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். ரெஞ்சோடு, கைப்பிடியில் சொருக முழநீளக் குழாய் ஒன்றும், சின்ன பாட்டிலில் டீசலும் கொடுத்தார். "மறையில வுட்டு ஊறவை. காலையில தொடு," என்றார்.

மறுநாள் காலை சைக்கிளை வலப்பக்கமாகப் படுக்கவைத்தாள். கிராங்க் சுற்றாமல் இருக்க அதைப் பின்சட்டத்தோடு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். ரெஞ்சை மாட்டிக் குழாயைச் சொருகித் தரையில் உட்கார்ந்து, வலப்பக்கமாக இழுத்தாள். அசையவில்லை. சுத்தியலால் கிராங்க் முனையைச் சுற்றிலும் தட்டினாள். இன்னும் கொஞ்சம் டீசல் விட்டாள். மறுபடி இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. ஒருவேளை அவன் சொன்னதே சரியோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே அவளுக்குக் கோபமாக இருந்தது. வலது காலைச் சட்டத்தில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, முழு பலத்தோடு இழுத்தாள்.

கடக்கென்று ஒரு சத்தம். பெடல் உடைந்துவிட்டதென்று நினைத்தாள். உடையவில்லை, திரும்பியிருந்தது. அதற்கப்புறம் கையாலேயே சுற்றிக் கழற்றினாள். கிராங்க்கின் மறைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்து வீட்டு ஜெயம் எட்டிப் பார்த்து, "அருள்மணி வந்து கழட்டிக் குடுத்தாரா?" என்று கேட்டாள்.

பல் துலக்கிக்கொண்டிருந்த ஜெகநாதன், "எப்படியோ கழண்டுகிச்சி," என்றான்.

"தானா கழண்டு வுழ இது இன்னா பல்லா?" என்றாள் அபிதா. "நான் கழட்டினேன். நீங்க பாத்துகினுதானே இருந்தீங்க?"

"ஆமா, அவதான் கழட்டினா," என்றான் அவன், ஜெயத்திடம், வாயைக் கொப்பளித்துவிட்டு.

வளைந்த பெடலையும் புதுப் பெடலையும் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே அன்பழகன் கடைக்குப் போனாள். வீட்டு வாசலிலேயே மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை.

அன்பழகன் கிராங்க்கைப் பார்த்தான். "யாருக்கா கழட்டினது?"

"நான்."

"சும்மா சொல்லாதீங்க. ரைஸ் மில்லு அருள்மணி அண்ணன்தானே?"

அபிதா கைபேசியை எடுத்து அருள்மணியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, "அண்ணே, பெடலை யாரு கழட்டினதுன்னு இந்தக் கடைக்காரர் கேக்கறாரு," என்றாள்.

"நீதாம்மா கழட்டின. நான் ரெஞ்சு குடுத்தேன். அவ்ளோதான்," என்றது அருள்மணியின் குரல். "அது லெஃப்ட் மறைன்னு அவனுக்குத் தெரியாதா?"

டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அன்பழகன் பெடலுக்குக் கை நீட்டினான். "சரி வுடுங்கக்கா. குடுங்க, நான் மாட்டித் தரேன்," என்று ஸ்பேனரை எடுத்தான்.

"எதுக்கு வுடணும்? பத்து நாளு என் வேலை நின்னிருக்கும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கணும். காலைக் காட்டிப் பேசியிருக்கக் கூடாது."

"தப்புதான்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஸ்பேனரை அவன் கையிலிருந்து வாங்கினாள். அவன் கடை வாசலிலேயே சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி, மறையில் எண்ணெய் தடவி, புதுப் பெடலை இடப்பக்கமாகச் சுற்றி ஏற்றினாள். அவசரப்படவில்லை. அன்பழகன் பக்கத்தில் நின்று அவள் கை போகிற திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

கோபம் அவளுக்கு அப்போதும் தணியவில்லை. அவன் தப்பு என்று சொல்லிவிட்டான், இருந்தாலும் தணியவில்லை. வீட்டுக்குப் போய் ஆறு சேலைகளைப் பையில் கட்டிக்கொண்டு சேவூருக்கு மிதித்தாள். பாதி வழி வரைக்கும் சொல்லாமல் விட்ட வார்த்தைகள் வாய்க்குள் வந்துகொண்டே இருந்தன. கணுக்காலில் உரிந்த இடம் எரிந்தது, ஆனால் பாதம் இப்போது நேராகச் சுற்றியது.