கண்ணீர் அஞ்சலி கட்டிய வேன்

காலை 8.20. போளூர் பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்து கிளம்பினோம். ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். காளியப்பன் ஊர் அங்கிருந்து இன்னும் நாலு கிலோமீட்டர் உள்ளே. அப்பாவைப் பதினோரு மணிக்கு எடுத்துவிடுவோம் என்று அவன் மகன் வெள்ளையன் நேற்று மாலையே போனில் சொல்லியிருந்தான். அடிவாரத்து ஷூ கம்பெனி ஒன்றில் நானும் காளியப்பனும் பதினாலு வருஷம் ஒரே மேசையில் தோல் வெட்டினோம். பிறகு நான் சூப்பர்வைசர் ஆனேன். அவன் மலைக்கே திரும்பிவிட்டான். "ஒரு தபா எங்க வூட்டுக்கு வாய்யா" என்று வருஷா வருஷம் கூப்பிட்டான். நான் போகவில்லை. கடைசியாக முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம்.

வேன் பாஷா பாயுடையது; ஓட்டியதும் அவர்தான். நாங்கள் இரண்டே பேர். இருபது வயதைத் தாண்டிய வண்டி. எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் முன்மூக்கில். சாவுக்குப் போகிற வண்டியின் முன்னால் கண்ணீர் அஞ்சலி பேனர் இல்லாவிட்டால் எங்கள் பக்கம் மரியாதை இல்லை. நானூற்றைம்பது ரூபாய்க்கு ராத்திரியே அடித்து வாங்கிவிட்டேன். கண்ணாடிக்குக் கீழிருந்து பம்பரின் அடிவரை வரும்படி நாலு மூலையையும் இழுத்து நானே கட்டினேன். நம்பர் பிளேட்டும் மறைந்தது.

"கொஞ்சம் பெருசா கீதே சார்" என்றார் பாய்.

"தூரத்துலயே தெரியணும் பாய்" என்றேன்.

9.15. மலைப்பாதை தொடங்கியது. சமவெளியில் பாதியில் நின்ற, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இரண்டாவது வளைவில் முக்கால், நாலாவதில் சிவப்பு. பாய் ஓரங்கட்டி, என்னை இறங்கச் சொல்லிவிட்டுச் சீட்டைத் தூக்கினார். அனல் முகத்தில் அடித்தது. கால் மணி ஆறவிட்டு, துணி சுற்றித் தண்ணீர் மூடியைத் திறந்தால் தண்ணீர் ஓரளவுதான் குறைந்திருந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கிளம்பினோம். ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை, மறுபடியும் சிவப்பு.

10.10. இரண்டாவது நிறுத்தம். பாய் முறையாகத்தான் பார்த்தார். பெல்ட் தொய்வில்லை. விசிறி சுற்றுகிறது. மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே கொதி.

"தண்ணி ஓடுது சார். ஓடியும் ஆற மாட்டேங்குது. ரேடியேட்டர்ல உப்பு அடைச்சிக்கினு இருக்கும். போர் தண்ணிதானே ஊத்துறோம்."

அதற்கு மலையில் என்ன வைத்தியம்? ஆறவிட்டு ஏறுவது, ஏறிவிட்டு ஆறவிடுவது. இதற்குள் ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கை காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பான். பேனர் கட்டிய வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து வெறுங்கையோடு இறங்குவதா என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

11.05. நாலாவது நிறுத்தம். வெள்ளையன் போன் செய்தான். "எங்க மாமா கீறீங்க? பெரியவங்க நேரம் ஆவுதுன்றாங்க."

"இன்னும் அரை மணி நேரம் நிறுத்தி வைப்பா" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தலையில் சாமை மூட்டையோடு ஒரு அம்மா இறங்கி வந்தார். சீட்டுக்கு அடியில் தலையை விட்டிருந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வண்டியின் முன்பக்கம் போய் நின்றார்.

"இன்னா சார், மூஞ்சில துணிய கட்டிக்கினு மலை ஏறுனா மூச்சு வாங்காதா? நாங்களே அப்டி ஏற மாட்டோமே!"

பாய் எழுந்து முன்னால் போனார். பேனரின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவைத்துப் பார்த்தார். ரேடியேட்டருக்குக் காற்று வர ஒரு விரற்கடை வழிகூட நான் விட்டுவைக்கவில்லை. சீட்டைத் தூக்கித் தூக்கி உள்ளே பார்த்தோமே தவிர, இரண்டு மணி நேரமாக ஒருவரும் வண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானாவது சொல்லியிருக்கணும் சார். சாவு பேனர், அதுல கை வைக்கக் கூடாதுன்னு எனக்கு அது கண்ணுலயே படல" என்றார் பாய்.

பேனரை அவிழ்த்துச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டோம். ஆறவிட்டுக் கிளம்பியபோது 11.30. அதே வளைவுகள், அதே வண்டி. முள் பாதிக்கு மேல் எழும்பவில்லை.

12.40. புதைத்துவிட்டு எல்லோரும் குளித்தும் முடித்திருந்தார்கள். கொல்லை ஓரத்தில் ஈரமண் குவித்து, நாய் தோண்டாமல் இருக்க மேலே முள் வைத்திருந்தது. அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்; அழுகைகூட உடனே வரவில்லை.

"பன்னெண்டு வரைக்கும் வச்சிருந்தோம் மாமா" என்றான் வெள்ளையன். வேனிலிருந்த பேனரை அவனே எடுத்துப்போய் வாசல் பந்தலில் கட்டினான். காளியப்பன் மனைவி எழுந்து வந்து அதன்முன் நின்றார். பேனரில் கைகூப்பியபடி நான், அதன் முழு உயரத்துக்கு. "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று தடித்த எழுத்தில் என் பெயர், பதவி.

"அவரு எங்க கீறாருண்ணா இதுல?" என்று கேட்டார்.

மேல் மூலையைக் காட்டினேன். கம்பெனி அட்டையிலிருந்து எடுத்த படம், உள்ளங்கை அளவு. அந்த அம்மா எட்டி, அதை மட்டும் விரலால் துடைத்தார்.

3.15. இறக்கத்தில் பாய் கேட்டார்: "பேனர எடுத்துக்கினு வரலியா சார்?"

நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். போளூர் வரைக்கும் முள் பாதியைத் தாண்டவேயில்லை.